கொப்பரையும் பருத்தியும்: சண்டைக்கார முயல்களைச் சேர்த்து வைத்த அனுபவம்

சித்திரை மாதம் ஒரு விடிகாலை. பால் கறக்கக் கட்டுத்தரைக்குப் போன அத்தை, "அம்மிணி, இங்க ஓடியா! மொசக் கூண்டுக்குள்ள என்னமோ பஞ்சு வெடிச்சாப்ல கெடக்குது" என்று சத்தம் போட்டார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால் கூண்டுத் தரை முழுக்க முடி. வெள்ளையும் பழுப்புமாகக் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. ஒரு மூலையில் பருத்தி, எதிர் மூலையில் கொப்பரை. இரண்டுக்கும் விலா ஏறி இறங்கியது. பருத்தியின் காது நுனி கிழிந்து ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. பதறிப்போய்க் கதவைத் திறந்து பருத்தியைத் தூக்கக் கையை நீட்டினேன். கொப்பரை பாய்ந்தது தெரியவில்லை, கடித்த பிறகுதான் தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு பல்லும் ஆழமாக இறங்கியிருந்தன. தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து ஐப்பசி வரை, அந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தில் கற்றதை எழுதுகிறேன். வீட்டில் முயல் வளர்க்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் திகைத்து, ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். நானும் அந்த முடிவுக்குப் பக்கத்தில் போனவள்தான்.

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். தேங்காய்க் களம் போட்டிருக்கிறோம். தை நோம்பி முடிந்த வாரம் சந்தைக்குப் போனபோது மகள் அடம்பிடித்து வாங்கிய குட்டிகள் இவை. இரண்டு மாதக் குட்டிகள். "ரெண்டும் பொட்டைங்க, ஒரு வயித்துக் குட்டிங்க, சண்டையே வராதுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார் விற்றவர். பழுப்பு நிறத்துக்குக் கொப்பரை, வெள்ளைக்குப் பருத்தி என்று பெயர் வைத்ததும் மகள்தான். மூன்று மாதம் ஒன்றின் முதுகில் ஒன்று தலை வைத்துத் தூங்கின. ஒரே புல்லை இரண்டு முனையிலிருந்தும் மென்றுகொண்டு வந்து மூக்கும் மூக்கும் முட்டி நிற்கும். அதைப் பார்க்கவே மகள் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் ஓடுவாள்.

சண்டைக்கு அப்புறம் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, அடிவயிற்றுக்குக் கீழே இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தவர், "ரெண்டுமே கடாங்க" என்றார். அழுத்தும்போது சிறு குழல் மாதிரி வட்டமாக வெளியே வந்தால் ஆண், நீளவாக்கில் பிளவு மாதிரித் தெரிந்தால் பெண். இரண்டு மாதத்தில் இதைப் பார்த்துச் சொல்வது பழகின கைக்கே தவறிப்போகும். மூன்று, நான்கு மாதம் ஆகிவிட்டால் ஆணுக்கு விதைப்பை தெரிந்துவிடும். விற்றவர் ஏமாற்றியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சந்தையில் சொன்னதை அப்படியே நம்பாமல், மூன்றாம் மாதத்தில் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தக் காது கிழிந்திருக்காது.

பங்குனியிலேயே அறிகுறி எல்லாம் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. கொப்பரை போகிற இடமெல்லாம் தாடையைக் கொண்டுபோய்த் தேய்த்தது: கூண்டுக் கம்பி, தண்ணீர்க் கிண்ணம், என் செருப்பு எதையும் விடவில்லை. ஏதோ அரிப்பு என்று நினைத்தேன். தாடைக்கடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, அதைத் தேய்த்து 'இது என் இடம்' என்று சொல்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஒழுங்காக ஒரு மூலையில் புழுக்கை போட்டுக்கொண்டிருந்தவை கூண்டெல்லாம் இறைக்க ஆரம்பித்தன. பருத்தி வாலைத் தூக்கிச் சுவரில் மூத்திரம் பீய்ச்சியது. ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது ஒரு நாளைக்கு பத்துத் தடவை நடந்தது. நான்கு ஐந்து மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், அதோடு குட்டிக்கால உறவு முடிந்துவிடும். ஒரு வயிற்றில் பிறந்தது என்பதெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை.

அத்தைக்கு ஆட்டுப்பட்டியில் ஐம்பது வருட அனுபவம். "பட்டில புது ஆடு உட்டா நாலு நாளைக்கு முட்டிக்கத்தான் செய்யும் கண்ணு. உடு, அதுகளே ஒதுங்கிக்கும்" என்றார்கள். நானும் அரை மனதோடு அன்று பகல் முழுக்க அப்படியே விட்டுப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் இன்னொரு தடவை முடி பறந்தது. ஆடு முட்டுவது வேறு, முயல் கடிப்பது வேறு. ஆட்டுக்கு முட்டிப் பார்த்து யார் பெரியவர் என்று முடிவு பண்ணிக்கொள்ளும் முறை இருக்கிறது, விலகி நிற்கப் பட்டியில் இடமும் இருக்கிறது. முயலுக்குத் தோற்றால் ஒரே வழிதான், ஓடுவது. நாம் வளர்க்கிற முயல்களின் மூதாதை ஐரோப்பாவின் காட்டுமுயல். மண்ணுக்குள் வளை பறித்துக் கூட்டமாக இருப்பது. அங்கே தோற்றது ஓடி வேறு வளைக்குள் நுழைந்துகொள்ளும். நான்கடிக்கு மூன்றடிக் கூண்டுக்குள் தோற்றது எங்கே ஓடும்? ஓடாமல் அங்கேயே நிற்பதைப் பார்த்து ஜெயித்தது, 'இது இன்னும் எதிர்க்கிறது' என்று மறுபடி கடிக்கிறது. எங்கள் கூண்டில் நடந்தது அதுதான். இரண்டுக்கும் ஒன்றையொன்று பிடிக்காமல் போய்விட்டது என்று மகள் அழுதாள். பிடிக்காமல் இல்லை, போக்கிடம் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) வேலியோரம் ஓடுகிற காட்டு முசல் இந்த இனமே கிடையாது. அது வளை பறிக்காது, குட்டி பிறக்கும்போதே கண் திறந்து முடியோடு பிறக்கும். புல் அறுக்கும்போது குட்டி கிடைத்தால் சிலர் பிடித்து வந்து வீட்டு முயலோடு விடப் பார்க்கிறார்கள். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். குட்டியும் பிழைக்காது. கண்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள், தாய் பொழுதுசாய வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும்.

அன்று சாயங்காலமே இரண்டையும் பிரித்தோம். பிரித்ததிலும் முதலில் ஒரு தப்பு செய்தோம். நடுவில் ஒற்றைக் கம்பிவலை ஒன்றைக் கட்டினோம். மறுநாள் பருத்தியின் மூக்கில் கீறல். வலைக்குள் மூக்கை விட்டு அங்கேயும் சண்டை. அப்புறம் வீட்டுக்காரர் ஆட்டுக்குக் கட்டுகிற மூங்கில் படலில் சின்னதாக ஒன்று பின்னி, வலைக்கு நான்கு விரல் தள்ளி நிறுத்தினார். பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், பல் எட்டாது. ஒன்றையொன்று கண்ணில் படாமல் ஒரேயடியாக வேறு வேறு இடத்தில் வைத்துவிடாதீர்கள். மறந்துபோனால் புதுசாக ஆரம்பிக்க வேண்டும். எட்டாத தூரத்தில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

ஆண்விதை நீக்கம் செய்யாமல் இரண்டு கடா முயலைச் சேர்ப்பது நடக்காத காரியம் என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். ஆனால் அப்போது கத்திரி வெயில். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். முப்பது டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும், நம் பக்கம் அந்த மாதத்தில் நாற்பதைத் தொடும். ஈரச் சாக்கைக் கூண்டைச் சுற்றித் தொங்கவிட்டு, பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து உள்ளே போட்டு ஓட்டினோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்து, காற்றாலை எல்லாம் சுற்றத் தொடங்கிய பிறகு, ஆனி 10-ஆம் தேதி அறுவை சிகிச்சை. இதற்கு முயல் பார்த்துப் பழகின மருத்துவரைத் தேடுங்கள். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பக்கத்துக்கு ஒரு வசதி. நாங்கள் முதலில் விசாரித்த ஓர் இடத்தில், "முந்தின நாள் ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீங்க" என்றார்கள். நாய், பூனைக்குச் சொல்வது அது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் பட்டினி போட வேண்டிய அவசியமே இல்லை. குடல் ஓடாமல் நின்றுபோனால்தான் அதற்கு உயிராபத்து. எங்களுக்கு அறுவை செய்த மருத்துவர் புல்லைக் கையோடு கொண்டுவரச் சொன்னார். மயக்கம் தெளிந்த ஒரு மணி நேரத்தில் கொப்பரை கொழுக்கட்டைப் புல்லை மெல்ல ஆரம்பித்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆணும் பெண்ணுமாக வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். ஆணுக்கு அறுவை முடிந்தாலும் ஆறு வாரம் வரை சினைப்படுத்தும் சக்தி இருக்கும். சினைக்காலம் முப்பத்தொரு நாள்தான். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினைபிடிக்கும். பெண்ணுக்கும் கருப்பை நீக்கிவிடுவது நல்லது. வயதான பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்று வருவது அதிகம், சண்டைக் குணமும் குறையும்.

இப்போது என் பெரிய தப்பைச் சொல்கிறேன். அறுவை செய்துவிட்டால் குணம் மறுநாளே மாறிவிடும் என்று நினைத்தேன். ரத்தத்தில் இருக்கிற ஹார்மோன் இறங்க ஆறு வாரம், சிலதுக்கு எட்டு வாரம் ஆகும் என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பினார். ஆடி நோம்பிக்கு ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) எல்லாம் வந்திருந்தார்கள். அன்றைக்கு அறுவை முடிந்து 23 நாள். குழந்தைகள் கூண்டைச் சுற்றி நின்று, "சேத்து உடுங்க அத்தை, சேத்து உடுங்க" என்று கெஞ்சினார்கள். இரண்டும் வலைக்கு இருபுறமும் அமைதியாகத்தான் படுத்திருந்தன. சரி என்று நடுவில் இருந்த வலையையும் படலையும் எடுத்துவிட்டேன், அதுவும் அந்தப் பழைய கூண்டிலேயே, கொப்பரை தாடை தேய்த்த ஒவ்வொரு கம்பியும் அப்படியே இருந்த கூண்டில்.

ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. காது பின்னுக்குப் படிந்தது, வால் விறைத்து மேலே தூக்கியது, ஒன்றின் வாலுக்கு ஒன்றின் வாய் என்று வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. அந்தச் சுற்று வேகமானதும் இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. குழந்தைகள் அலறின. நல்லவேளை, அத்தை கையில் முறம் இருந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கொட்டிவிட்டு வந்து, முறத்தை இரண்டுக்கும் நடுவில் செருகிவிட்டார்கள். அதற்கப்புறம் நான் எப்போதும் முறம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தடிப்பான துண்டு, அட்டைப்பெட்டி மூடி, சீமாறு எதுவானாலும் சரி, கையை மட்டும் விடவே கூடாது. சண்டையில் இருக்கிற முயலுக்கு உங்கள் கை எது, எதிரி எது என்று தெரியாது.

அன்றைக்குத் தொடையில் ஒரு சின்னக் கடி தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறாம் நாள் கொப்பரையின் தொடையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. முயலுக்குச் சீழ் தண்ணீராக இருக்காது, கெட்டித் தயிர் மாதிரி இருக்கும், தானாக வடியாது. மருத்துவர் கீறி, வழித்தெடுத்து, உப்புநீரில் கழுவினார். நான்கு நாள் விடாமல் கொண்டுபோனோம். அதனால், சண்டை முடிந்ததும் முடியை ஊதி விலக்கி உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள்: கழுத்து, தொடை, காது அடி, பிறப்புறுப்புப் பகுதி. கடி ஊசித் துளை அளவுதான் இருக்கும், மேலே மூடிக்கொள்ளும், உள்ளே புண் வளரும். மழை ஈரமிருந்தால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். அவசரத்துக்கு மருந்துக்கடையில் கேட்டபோது, நாய்க்குக் கொடுக்கிற அமாக்சிசிலின் மருந்தை எடுத்துக் கொடுத்தார் ஒருவர். நல்லவேளை, மருத்துவருக்குப் போன் செய்து கேட்டேன். பென்சிலின் வகை மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து முயலே போய்விடும். இதைத் தெரியாமல் கொடுத்து இழந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த மருந்தானாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கடிபட்ட முயல் அரை நாள் புல்லைத் தொடாமல், புழுக்கை போடாமல் கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆவணி பிறந்த பிறகு, முழுசாக எட்டு வாரம் தாண்டித்தான் மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை அத்தைதான் வழி சொன்னார்கள். முதலில் சொன்ன யோசனை தப்பாகிவிட்டதே என்று அவர்களுக்கு உள்ளுக்குள் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் பொழுதோட என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தாயில்லாத குட்டிய வேற ஆடு சேத்துக்காது அம்மிணி. அந்த ஆட்டுப் பாலையே குட்டி முதுகுல தடவி உடுவோம், உப்புத் தண்ணி தெளிச்சு உடுவோம். மோந்து பாக்கும், நக்கும். நக்கிப்போட்டா அது என்ற குட்டின்னு ஆயிரும். எல்லாஞ் சீவனுக்கும் மூக்குதான் கண்ணு" என்றார்கள்.

அதையே பிடித்துக்கொண்டோம். கொப்பரை படுத்த சாக்கைப் பருத்தி பக்கத்தில் விரித்தோம், பருத்தியின் சாக்கை இந்தப் பக்கம். முதல் நாள் கொப்பரை அந்தச் சாக்கைப் பல்லால் கவ்வி உதறி எறிந்தது. பின்னங்காலால் தரையை 'டம் டம்' என்று உதைத்தது. நான்காம் நாள் உதைக்கவில்லை, அதன்மேல் உட்காராமல் சுற்றிப் போனது. எட்டாம் நாள் அதன்மேலேயே காலை நீட்டிப் படுத்துத் தூங்கியது. பிறகு ஆளையே இடம் மாற்றினோம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொப்பரை அந்தப் பக்கம், பருத்தி இந்தப் பக்கம். புழுக்கைத் தட்டையும் மாற்றி வைத்தோம். இரண்டு வாரத்தில் 'என் பக்கம், உன் பக்கம்' என்ற கணக்கே குழம்பிப்போனது. முருங்கைக் கொத்து, வேலிமசால் மாதிரி பிடித்த தீனியை வலைக்கு ஒட்டியே வைத்தோம். அந்தப் பக்கத்து வாசனை வரும்போதெல்லாம் நல்ல தீனியும் வருகிறது என்று பழகட்டும் என்று. முதலில் தீனியைக் கவ்விக்கொண்டு தூரப் போய்த் தின்றவை, கடைசியில் எதிரெதிரே உட்கார்ந்து தின்றன.

அடுத்தது, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடம். இதுதான் எல்லாவற்றுக்கும் மேல் என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்குள் விட்டால் கொப்பரை ஏற்கெனவே அங்கே தாடை தேய்த்திருக்கும். களத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு சாக்கு அறை உண்டு. முயல் வாசனையே படாத இடம். அதைக் கழுவிவிட்டு, வழுக்காமல் இருக்கப் புதுச் சாக்கு விரித்து, ஐந்தடிக்கு ஐந்தடி மட்டும் படல் கட்டி ஒதுக்கினோம். தின்ன இரண்டு இடத்தில் புல், இரண்டு தண்ணீர்க் கிண்ணம். ஒரு வாசல் மட்டும் இருக்கிற பெட்டி எதையும் வைக்கவில்லை. உள்ளே போன முயல் மாட்டிக்கொண்டால் அங்கேயே சண்டை. இரண்டு பக்கமும் வெட்டித் திறந்த அட்டைப்பெட்டி ஒன்று மட்டும் வைத்தோம். களத்தில் உடைக்கிற சத்தமும் லாரிச் சத்தமும் ஆரம்பிக்கும் முன்னே, விடியாலை ஐந்தரைக்கு. தீனி போடும் முன்பே கொண்டுபோவோம், பசியில் முதல் வேலை புல்லாகத்தான் இருக்கும்.

புரட்டாசி முதல் வாரம் ஐந்து நிமிடம்தான் விட்டோம். நானும் மகளும் உள்ளேயே தரையில் உட்கார்ந்துகொண்டோம், மடியில் முறம். முதல் இரண்டு நாள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காத மாதிரி ஆளுக்கொரு மூலையில் புல் தின்றன. மகளுக்கு ஏமாற்றம். ஆனால் கண்டுகொள்ளாமல் இருப்பதே நல்ல சகுனம். பயந்த முயல் தின்னாது, முகம் கழுவாது. பருத்தி முன்னங்காலைத் தூக்கி முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

மூன்றாம் நாள் ஏறுவது ஆரம்பித்தது. இதைப் பார்த்ததும் பிரித்துவிடத் தோன்றும். பிரிக்காதீர்கள், எண்ணுங்கள். கீழே இருப்பது அசையாமல் இருந்தால் இருபது வரை எண்ணிவிட்டு மெல்லத் தள்ளிவிடலாம். யார் பெரியவர் என்று அவை பேசி முடிக்கும் வழி அது. ஆனால் முகத்துப் பக்கமாக ஏறினால் உடனே திருப்பிவிட வேண்டும். கீழே இருப்பது கடித்தால் கடிபடும் இடம் படாத இடம். துரத்துவதிலும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டு தாவல் துரத்திவிட்டு நின்றால் சரி. முடியைக் கவ்விக்கொண்டு விடாமல் துரத்தினால் நிறுத்த வேண்டும். காது பின்னால், வால் மேலே, உடம்பு விறைப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் சுற்ற ஆரம்பிக்கும் முன்பே முறத்தை நடுவில் வைத்துவிடுவேன். நல்லபடியாக இருக்கும்போதே அன்றைய நேரத்தை முடித்துக்கொள்வோம். இன்னும் கொஞ்ச நேரம் விடலாமே என்று ஆசைப்பட்ட ஒரே ஒரு நாள், ஒரு கொத்து முடி போனது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, சரியாக நினைவில்லை. கொப்பரை எழுந்து நேராகப் பருத்தியிடம் போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தி, அதன் தாடைக்கடியில் மூக்கை நுழைத்தது. 'என்னை நக்கு' என்று கேட்பது அது. பருத்தியும் அதே மாதிரி தலையைத் தாழ்த்தியது. இரண்டும் தாழ்த்திய தலையோடு நெற்றியும் நெற்றியும் ஒட்டிக் கிடந்தன. யாரும் நக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கொப்பரையின் மூக்கு மட்டும் துடித்தது, பிறகு அதுவும் மெதுவானது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். கடைசியில் கொப்பரை பொறுமையிழந்து பருத்தியின் கன்னத்தில் லேசாக நறுக்கியது. பருத்தி துள்ளி விலகியது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

அத்தையிடம் சொன்னதும், "உப்புத் தண்ணி தடவற மாதிரி எதையாச்சும் தடவி உடு" என்றார்கள். தேன்வாழைப் பழத்தில் சுண்டைக்காய் அளவு எடுத்து மசித்து, இரண்டின் நெற்றியிலும் காதுகளுக்கு நடுவில் தடவினேன். அதற்கு மேல் வேண்டாம், இனிப்பு அதிகமானால் வயிறு கெடும். பருத்தி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. கொப்பரையின் நெற்றியை ஒரு தடவை நக்கியது. நிறுத்தியது. மறுபடி நக்கியது. பழம் தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. கண், காதடி, மூக்குப் பாலம் என்று நக்கிக்கொண்டே போனது. கொப்பரை கண்ணைப் பாதி மூடி, பல்லை மெல்ல நறநறத்தது. வலியில் கடிப்பது வேறு, இது சுகத்தில் செய்வது. மகள் அழுதுவிட்டாள். அத்தை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வேகமாகப் போனது. அரை மணி, இரண்டு மணி, அரை நாள். புரட்டாசிக் கடைசிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராத்திரி உட்பட சாக்கு அறையிலேயே விட்டு, நாங்கள் மாறி மாறிக் காவல் இருந்தோம். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு முடி கூடக் கிடக்கவில்லை. அப்போதும் பழைய கூண்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆடி நோம்பிப் பாடம் இருந்தது. அந்தக் கூண்டை விற்றுவிட்டு, கட்டுத்தரையின் மறுபக்கம் பத்தடிக்கு ஆறடியில் புதுப் பட்டி கட்டினோம். எடுத்துவந்த சாக்கு, கிண்ணம் எல்லாம் சாக்கு அறையில் இருந்தவையே. புதுசாகக் கட்ட வசதியில்லாதவர்கள் பழையதை வினிகர் கலந்த தண்ணீரில் நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே இருப்பதை இடம் மாற்றி வைக்கலாம். ஐப்பசி முதல் தேதி குடிவந்தன.

அவசரப்படுகிறவர்கள் ஒரு வழி சொல்வார்கள்: இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வண்டியில் ஏற்றிக் குலுக்கிக்கொண்டு போனால், பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று. ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அது பயம். முயலுக்குப் பயமே குடலை நிறுத்திவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்ன செய்தும் சேராத ஜோடியும் உண்டு. எங்கள் சொந்தத்தில் ஒருவர் வீட்டில் ஐந்து மாதம் முயன்றும் முடியவில்லை. நான்கு விரல் இடைவெளியில் இரட்டை வலை கட்டி, பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இரண்டும் ராத்திரி வலையோரம் வந்து முதுகுக்கு நேர் முதுகாகத்தான் படுக்கின்றன. அப்படி இருப்பதும் நல்ல வாழ்க்கைதான், ஒன்றை யாருக்கோ கொடுத்து அனுப்புவதைவிட.

போன வாரம் கொப்பரைக்குப் பல் அதிகமாக வளர்ந்து தின்ன முடியாமல் போனது. தேய்த்துவிட மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் கொண்டுபோனால் ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பி வரும், மற்றது அடையாளம் தெரியாமல் பாய்ந்துவிடும். அதனால் ஒரே தக்காளிக் கூடையில் இரண்டையும் வைத்து, மேலே துண்டைக் கட்டி, மகள் மடியில் வைத்துக்கொண்டாள். பருத்திக்கு ஒரு சீக்கும் இல்லை, துணைக்குத்தான் வந்தது. மருத்துவர் மேசையில் கொப்பரையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரமும், கூடை விளிம்பில் இரண்டு முன்னங்காலையும் ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றது.